ஜோர்டன் பிக்ஃபோர்டின் இரவல் வருடங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2018 ஜூலை 3, மாஸ்கோ. உலகக் கோப்பையில் இங்கிலாந்தும் கொலம்பியாவும் 1-1 என்று முட்டிக்கொண்டு நின்றதால் ஆட்டம் பெனால்டிக்குப் போனது. இந்தியாவில் நள்ளிரவு எப்போதோ தாண்டிவிட்டது. கொலம்பியாவின் ஐந்தாவது உதையை எடுக்க கார்லோஸ் பாக்கா வந்தார். இங்கிலாந்தின் கோல்கீப்பர் தன் வலப்பக்கம் பாய்ந்துவிட்டார். பந்தோ அவர் விட்டுவிட்டுப் போன இடத்துக்கு வந்தது. உடல் ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்க, இடது கை மட்டும் மேலே எழும்பிப் பந்தைத் தட்டிவிட்டது.

பலருக்கு அந்தப் பெயர் தெரிந்தது அன்றைக்குத்தான். ஜோர்டன் பிக்ஃபோர்ட், வயது 24. அந்தக் கை வந்த வழியைப் பற்றி நண்பர்கள் மறுபடி மறுபடி கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதிவைக்கிறேன்.

வாஷிங்டனில் பிறந்தவர் என்று போட்டிருக்கிறதே, அமெரிக்கரா?

இல்லை. இது இங்கிலாந்தின் வடகிழக்கில், சண்டர்லேண்டுக்கும் நியூகாசிலுக்கும் நடுவே இருக்கும் வாஷிங்டன். அமெரிக்காவின் முதல் அதிபரின் முன்னோர்கள் இந்த ஊர்ப் பெயரைத்தான் தங்கள் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டார்கள். ஆகவே அமெரிக்கத் தலைநகர்தான் இந்த ஊரிடம் பெயரை இரவல் வாங்கியது.

பிக்ஃபோர்ட் பிறந்தது 1994 மார்ச் 7. எட்டு வயதில் சண்டர்லேண்ட் கிளப்பின் இளையோர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். அந்தப் பகுதியில் எந்தக் கிளப்புக்குக் கத்துகிறோம் என்பது பிறக்கும்போதே தீர்மானமாகிவிடும் விஷயம். சொந்த ஊர்க் கிளப்பில் சேர்ந்து, அதன் முதல் அணிக் கோல்கீப்பராகவே ஆன பையன் என்பதால், பின்னால் அந்த அணி மூழ்கியபோதும் ரசிகர்கள் அவர் மேல் கோபப்படவில்லை.

இரவல் என்கிறீர்களே, அது என்ன ஏற்பாடு?

ஆங்கிலேயர்கள் லோன் என்பார்கள். ஒப்பந்தம் பெரிய கிளப்போடு இருக்கும். ஆட்டம் சிறிய கிளப்புக்காக. சம்பளத்தை யார் எவ்வளவு கொடுப்பது என்று இரண்டு கிளப்புகளும் பேசி முடித்துக்கொள்ளும். பையன் தேறினால் பெரிய கிளப் திரும்ப அழைத்துக்கொள்ளும். தேறாவிட்டால் சத்தமில்லாமல் ஒப்பந்தம் முடிந்துபோகும்.

பிக்ஃபோர்ட் வளர்ந்த காலத்தில் இன்னொரு வசதியும் இருந்தது. வீரர்களை வாங்கி விற்கும் பருவம் முடிந்த பிறகும், கீழ்ப் பிரிவுக் கிளப்புகள் சில வாரங்களுக்கோ ஒன்றிரண்டு மாதங்களுக்கோ ஆளை அவசர இரவலாக எடுத்துக்கொள்ளலாம். கோல்கீப்பருக்குக் காயம், சனிக்கிழமை ஆட்டம், ஒருவரை அனுப்புங்கள் என்று ஒரு போன். பிக்ஃபோர்டின் ஆரம்பப் பயணங்கள் ஏன் இவ்வளவு துண்டு துண்டாக இருக்கின்றன என்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சண்டர்லேண்ட் ஏன் தன் அணியிலேயே ஆடவிடவில்லை?

கோல் அடிக்கும் முன்வரிசை வீரர் என்றால் எழுபதாவது நிமிடத்தில் மாற்றாளாக இறக்கிப் பார்க்கலாம். கோல்கீப்பருக்கு அந்தச் சலுகை கிடையாது. இருப்பது ஒரே ஓர் இடம். அதில் இருப்பவர் அடிபட்டாலோ, சொதப்பினாலோ, விற்கப்பட்டாலோதான் அது காலியாகும். பிக்ஃபோர்டுக்கு 17 வயதானபோது அந்த இடத்தில் பெல்ஜியத்தின் சிமோன் மினியோலே இருந்தார். அவரை 2013இல் லிவர்பூல் வாங்கிக்கொண்டது. பிறகு இத்தாலியரான வீட்டோ மன்னோனே வந்தார். அவருக்குப் பின் 2.03 மீட்டர் உயரமுள்ள ருமேனியர் கோஸ்டல் பன்டிலிமோன். மூவரும் நன்றாகவே ஆடியவர்கள். வரிசையில் நின்றுகொண்டே முப்பது வயதாகிவிட்ட கோல்கீப்பர்கள் இங்கிலாந்தில் ஏராளம்.

சிறுவனாக இருந்தபோது எதிரணிக் கோல்கீப்பரிடமே கோல் வாங்கினாராமே?

உண்மைதான். 2011இல் மெக்சிகோவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் இங்கிலாந்து கனடாவோடு ஆடியது. இங்கிலாந்து முன்னிலையில் இருந்தது, ஆட்டம் முடியும் தறுவாய். கனடாவின் கோல்கீப்பர் குவில்லன் ராபர்ட்ஸ் தன் பாதியிலிருந்து பந்தைத் தூக்கி உதைத்தார். அது எதிர்ப் பக்கம் தரையில் குத்தி, எழும்பி, பிக்ஃபோர்டின் தலைக்கு மேலே போய் வலையில் விழுந்தது. ஆட்டம் 2-2.

பின்னாளில் பிக்ஃபோர்டுக்குப் பெயர் வாங்கித் தந்தவற்றில் முக்கியமானது அவருடைய இடதுகால் உதை. பந்தைக் கையிலிருந்து விட்டு, உடலைப் பக்கவாட்டில் சாய்த்து, தாழ்வாக அம்பு போல அறுபது எழுபது மீட்டர் அனுப்புவார். நீண்ட உதையின் வலி என்ன என்று தலைக்கு மேல் பார்த்துக் கற்றவர் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை. ஆனால் அவர் அதற்கு முன்பே நன்றாக உதைப்பவர்தான்.

முதல் இரவல் டார்லிங்டன். அங்கே என்ன நடந்தது?

2012 ஜனவரி, வயது 17. டார்லிங்டன் அப்போது ஐந்தாம் பிரிவான கான்ஃபரன்ஸில் ஆடிக்கொண்டிருந்தது. ஆடிக்கொண்டிருந்தது என்பதே மிகை. கிளப் திவாலாகி, நிர்வாகம் கணக்காளர்களின் கையில் போயிருந்தது. அதே மாதத்தில் கிளப்பை இழுத்துமூடிவிடுவார்கள் என்ற நிலை வந்து, கடைசி நேரத்தில் ரசிகர்கள் பணம் திரட்டியதால் பிழைத்தது. மூத்த வீரர்கள் போய்விட்டார்கள். தற்காலிக மேலாளராகப் பொறுப்பேற்ற கிரேக் லிடில் கிடைத்த பையன்களை வைத்து அணியை நிரப்பினார்.

மைதானத்தையும் சொல்ல வேண்டும். டார்லிங்டனின் ஒரு முன்னாள் முதலாளி, பெருங்கனவோடு 25,000 பேர் உட்காரும் அரங்கைக் கட்டி 2003இல் திறந்தார். வந்தவர்கள் பெரும்பாலும் இரண்டாயிரம் பேர்தான். மீதி இருக்கைகள் காலியாகக் கிடக்கும் அந்தப் பெரிய அரங்கில் நின்று, பதினேழு வயதுப் பையன் வயதுவந்த ஆட்களிடம் கோல் வாங்கினான். முதல் ஆட்டம் ஃப்ளீட்வுட் டவுனுக்கு எதிராக, தோல்வி. 17 லீக் ஆட்டங்கள் முடிந்தபோது அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கியிருந்தது.

இளையோர் அணியில் ஆடும் கோல்கீப்பருக்கு முன்னால் நிற்பவர்கள் அவன் வயதுப் பையன்கள். தோற்றால் பயிற்சியாளர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். ஐந்தாம் பிரிவில் கார்னர் கிக் வரும்போது தொண்ணூறு கிலோ ஆள் ஒருவர் காலை மிதித்துக்கொண்டு நிற்பார், முழங்கை விலாவில் இருக்கும், நடுவர் பார்க்க மாட்டார். முன்னால் நிற்கும் சொந்தத் தடுப்பாட்டக்காரருக்கு வீட்டுக் கடன் இருக்கும். பையன் பந்தைக் கைநழுவவிட்டால் அவருடைய வெற்றி ஊக்கத்தொகை போய்விடும். அதை அவர் நாகரிகமான சொற்களில் தெரிவிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. மைதானத்தில் பிக்ஃபோர்ட் ஓயாமல் கத்துவதைப் பார்த்து எரிச்சல்படுகிறவர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்கலாம். கத்தாத பதினேழு வயதுக்காரன் சொல்வதை அங்கே யாரும் கேட்க மாட்டார்கள்.

மற்ற கிளப்புகள்?

2012-13இல் ஆல்ஃப்ரட்டன் டவுன். டெர்பிஷயரில் ஒரு சின்ன ஊர், மீண்டும் ஐந்தாம் பிரிவு. 12 லீக் ஆட்டங்கள். 2013 ஆகஸ்டில் பர்ட்டன் ஆல்பியன், நான்காம் பிரிவு, அங்கும் 12. அதே பருவத்தின் பிற்பாதியில் மூன்றாம் பிரிவில் கார்லைல் யுனைடெட், 18. கார்லைலும் அந்த வருடம் கீழிறங்கியது. 2014-15இல் பிராட்ஃபோர்ட் சிட்டி, மூன்றாம் பிரிவு, 33. 2015-16இன் முதல் பாதியில் இரண்டாம் பிரிவான சாம்பியன்ஷிப்பில் பிரஸ்டன் நார்த் எண்ட், 24.

கூட்டினால் 116 லீக் ஆட்டங்கள். முதல் பிரிவான பிரீமியர் லீகில் முதல் ஆட்டம் ஆடும் முன்பே ஐந்தாம் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவு வரை ஒவ்வொரு படியிலும் கால் வைத்தாயிற்று. யாரோ திட்டம் போட்டு ஏணி செய்தது போலத் தெரியும். அப்படி நினைக்க வேண்டாம். பாதி, எந்தக் கிளப்பில் எப்போது கோல்கீப்பர் இல்லாமல் போனார் என்பதைப் பொறுத்தது.

பிராட்ஃபோர்டில் ஒரு வேடிக்கை. அந்தப் பருவத்தில், எல்லாப் பிரிவுக் கிளப்புகளும் மோதும் எஃப்.ஏ. கோப்பையில் பிராட்ஃபோர்ட், பிரீமியர் லீக் அணியான செல்சியின் சொந்த மைதானத்திலேயே அதை 4-2 என்று கவிழ்த்தது. அடுத்த சுற்றில் வந்த அணி சண்டர்லேண்ட், பையனின் சொந்தக் கிளப். பிராட்ஃபோர்ட் 2-0 என வென்றது. பிக்ஃபோர்ட் அன்று ஆடவில்லை.

சண்டர்லேண்டுக்கு முதலில் எப்போது ஆடினார்?

பிரஸ்டனில் அவர் நன்றாக ஆடிக்கொண்டிருந்தபோது, சண்டர்லேண்டின் அப்போதைய மேலாளர் சாம் அலர்டைஸ் திரும்ப அழைத்தார். பன்டிலிமோன் வாட்ஃபோர்டுக்குப் போகிறார், மாற்று ஆள் வேண்டும். 2016 ஜனவரி 9 அன்று எஃப்.ஏ. கோப்பையில் ஆர்சனலோடு முதல் ஆட்டம், 3-1 தோல்வி. ஒரு வாரம் கழித்து டாட்டன்ஹாம் மைதானத்தில் முதல் பிரீமியர் லீக் ஆட்டம், 4-1 தோல்வி. அதில் ஒரு கோல் ஹாரி கேன் அடித்த பெனால்டி. இரண்டு ஆட்டங்களிலும் முதல் கோலை அடித்தது சண்டர்லேண்ட்தான் என்பது எரிகிற நெருப்பில் எண்ணெய். அந்தப் பருவத்தில் இன்னும் ஒரே ஒரு லீக் ஆட்டம்தான் கிடைத்தது. மன்னோனே இடத்தைப் பிடித்துக்கொண்டார்.

கதை அங்கேயே முடிந்திருக்கலாம். 2016 ஆகஸ்டில் மன்னோனேயின் முழங்கையில் அடிபட்டது.

அந்த 2016-17 பருவத்தில் சண்டர்லேண்ட் கடைசி இடம் பிடித்தது. கடைசி அணியின் கோல்கீப்பரை எப்படி இரண்டரைக் கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள்?

எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். டேவிட் மோய்ஸ் மேலாளராக இருந்த அந்த அணி 38 ஆட்டங்களில் 6 வென்று, 24 புள்ளிகள் எடுத்து, 69 கோல் வாங்கியது. பத்து வருடம் பிரீமியர் லீகில் இருந்த கிளப் வெளியேறியது. பிக்ஃபோர்ட் அதில் 29 லீக் ஆட்டங்கள் ஆடினார். ஜனவரியில் முழங்கால் காயத்தால் இடையில் சில வாரங்கள் இல்லை.

ஆனால் கோல்கீப்பரை வாங்க வருகிறவர் புள்ளிப் பட்டியலைப் பார்ப்பதில்லை. வலிமையான அணியின் கோல்கீப்பர் தொண்ணூறு நிமிடத்தில் இரண்டு முறை பந்தைத் தொடுவார். அவர் நல்லவரா கெட்டவரா என்று சொல்லவே முடியாது. மோசமான அணியில் அவருக்குச் சனிக்கிழமைதோறும் பரீட்சை. பத்து உதைகள் வரும், இரண்டு உள்ளே போகும், மீதி எட்டை ஒளிப்பதிவில் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். பிக்ஃபோர்டின் அதிர்ஷ்டம் என்று நான் நினைப்பது அவருக்கு வாய்த்த மோசமான அணிகளைத்தான். திவாலான டார்லிங்டன், கீழிறங்கிய கார்லைல், மூழ்கிய சண்டர்லேண்ட்: மூன்றும் அவரை ஓயவிடாத இடங்கள். அந்த வருடம் தொழில்முறை வீரர்கள் சங்கத்தின் சிறந்த இளம் வீரர் விருதுக்கான இறுதிப் பட்டியலில், கடைசி இடத்து அணியிலிருந்து அவர் பெயர் இருந்தது.

2017 ஜூன் 15 அன்று பிரீமியர் லீக் கிளப்பான எவர்ட்டன் அவரை வாங்கியது. விலை 2.5 கோடி பவுண்ட்; ஆட்டத்தைப் பொறுத்து 3 கோடி வரை ஏறலாம். பிரிட்டிஷ் கோல்கீப்பருக்கு அதுவரை யாரும் கொடுக்காத தொகை. உலக அளவில் அந்த நேரத்தில் பூஃபோன், எடர்சன் இருவருக்கு மட்டுமே அதைவிட அதிகம் கொடுத்திருந்தார்கள்.

மறுநாளே, ஜூன் 16, போலந்தில் 21 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியப் போட்டியில் சுவீடனுக்கு எதிராக அவர் இங்கிலாந்தின் கோலில் நின்றார். ஆட்டம் முடியும் நேரத்தில் சுவீடனுக்குப் பெனால்டி. தடுத்தார். ஆட்டம் 0-0. விலையைப் பற்றி முதல் நாள் கேலி பேசியவர்களுக்குப் பேச்சை மாற்ற வேண்டியிருந்தது.

உயரம் குறைவு என்கிறார்களே?

1.85 மீட்டர். நமக்கு நெடியவர், கோல்கீப்பர்களுக்கு நடுவே குட்டையானவர். 2018 உலகக் கோப்பையில் பெல்ஜியம் அடித்த கோலைப் பற்றிப் பேசும்போது, எதிரணிக் கோல்கீப்பர் குர்துவா, பிக்ஃபோர்ட் தன்னைவிடப் பத்து சென்டிமீட்டர் குட்டை, நானாக இருந்தால் பிடித்திருப்பேன் என்ற பொருளில் சொன்னார். உயரம் இல்லாததைப் பிக்ஃபோர்ட் கால்களின் துள்ளலால் ஈடுகட்டுகிறார். உயரமான பந்துக்குக் கூட்டத்துக்குள் போகும்போது இன்றும் சில நேரம் தடுமாறுவார். அதை மறைக்க வேண்டியதில்லை.

நாட்டு அணியில் அனுபவமே இல்லாதவரை உலகக் கோப்பைக்கு எப்படி அனுப்பினார்கள்?

முதல் அழைப்பு 2016 அக்டோபரில், டாம் ஹீட்டனுக்கு மாற்றாக. ஆனால் ஆடவில்லை. முதல் ஆட்டம் 2017 நவம்பர் 10, வெம்ப்ளியில் ஜெர்மனிக்கு எதிராக, 0-0. ரஷ்யாவுக்கு விமானம் ஏறும்போது அவர் ஆடியிருந்தது மொத்தம் மூன்று சர்வதேச ஆட்டங்கள், மூன்றும் நட்பு ஆட்டங்கள். பல வருடங்களாக முதல் கோல்கீப்பராக இருந்த ஜோ ஹார்ட்டை மேலாளர் கேரத் சவுத்கேட் விட்டுவிட்டார். பட்லண்ட், போப், பிக்ஃபோர்ட் என்று மூன்று இளையவர்களை அழைத்துப் போனார்.

காரணம் கால்தான். சவுத்கேட்டின் அணி பின்னாலிருந்து பந்தைக் கோத்துக் கோத்து முன்னே போக விரும்பியது. அதற்குப் பந்தைக் கண்டு பயப்படாத கால் வேண்டும். பிக்ஃபோர்ட் அந்தப் பருவத்தில் எவர்ட்டனின் 38 லீக் ஆட்டங்களையும் ஆடி முடித்திருந்தார்.

அந்தப் பெனால்டி தடுப்பு அதிர்ஷ்டமா, தயாரிப்பா?

தயாரிப்பு நிறையவே இருந்தது. கொலம்பியர்கள் ஒவ்வொருவரும் வழக்கமாக எந்தப் பக்கம் உதைப்பார்கள் என்று படித்துவைத்திருந்ததாகவும், ஃபால்காவ் மட்டும் வழக்கத்தை மாற்றிவிட்டதாகவும் ஆட்டம் முடிந்த பிறகு அவரே சொன்னார். உரிபேயின் உதை கம்பத்தின் மேல் சட்டத்தில் பட்டுத் திரும்பியது அதிர்ஷ்டக் கணக்கு. பாக்காவுடையது இரண்டும் கலந்தது: பக்கம் சரி, பந்து எதிர்பார்த்ததைவிட நடுவே வந்தது. கையை விட்டுவைக்கும் பழக்கம் இல்லாதவர் அதைத் தொட்டிருக்க மாட்டார்.

அதே வரிசையில் இங்கிலாந்தின் பெனால்டியைத் தவறவிட்டவர் ஜோர்டன் ஹெண்டர்சன். அவரும் சண்டர்லேண்ட் பயிற்சிப் பள்ளிப் பையன்தான். ஒரு சண்டர்லேண்ட்காரர் தவறவிட்டதை இன்னொரு சண்டர்லேண்ட்காரர் ஈடுகட்டினார். எரிக் டையர் கடைசி உதையை உள்ளே போட்டார். 1990, 1998, 2006 என்று மூன்று உலகக் கோப்பைகளில் பெனால்டியில் அழுது வெளியேறிய நாடு உலகக் கோப்பைப் பெனால்டியில் முதல் முறை வென்றது.

அப்படியானால் எல்லா இளம் கோல்கீப்பர்களையும் இரவல் அனுப்பிவிட்டால் போதுமா?

போதாது. நிக் போப்பை 16 வயதில் இப்ஸ்விச் வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. அவர் பின்னால் ஹாரோ பரோ, வெல்லிங், ஆல்டர்ஷாட் என்று இரவலில் சுற்றி மேலே வந்தார். இது இரவலுக்குச் சாதகமான கதை. ஜாக் பட்லண்ட் நாலாம் பிரிவில் செல்டன்ஹாமில் இரவலாக ஆடிய அதே வருடத்தில், 2012 ஆகஸ்டில், 19 வயதில் இங்கிலாந்தின் மிக இளைய கோல்கீப்பரானார். அப்போது எல்லாரும் அடுத்த பத்து வருடத்துக்கு அவர்தான் என்றார்கள். காயங்கள் வந்தன, அந்தப் பத்து வருடத்தின் பெரும்பகுதி பிக்ஃபோர்டுக்குப் போனது. இருவரும் ஏறக்குறைய ஒரே வயது.

டார்லிங்டன் என்ன ஆனது?

2012 கோடையில் கிளப்பை நான்கு படிகள் கீழே தள்ளினார்கள். ரசிகர்கள் டார்லிங்டன் 1883 என்ற பெயரில் ஒன்பதாம் நிலையிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். பழைய பெயர் 2017இல், பிக்ஃபோர்ட் எவர்ட்டனுக்குப் போன அதே வருடம், திரும்பக் கிடைத்தது. 25,000 இருக்கை அரங்கை மட்டும் திரும்ப வாங்க முடியவில்லை. அதை ஒரு ரக்பி கிளப் எடுத்துக்கொண்டது. அவர்களுக்கும் அது நிரம்புவதில்லை.